வரவேற்புத் தூதர்

பாண்டியராஜைச் சிரிக்க வைக்கப் பதினேழு தடவை படம் எடுத்தார்கள். பதினேழிலும் அவன் சிரிக்கவில்லை. சிரிப்பு வரும்படி அங்கே எதுவும் நடக்கவில்லை என்பது ஒரு காரணம். சிரி என்று சொன்னால் எதைப் பார்த்து என்று அவன் திருப்பிக் கேட்டது இன்னொரு காரணம். கடைசியில் போட்டோக்காரன் கம்ப்யூட்டரில் வைத்து அவன் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டான். இழுத்த வாயோடும், காதில் மாட்டிய கறுப்பு ஹெட்செட்டோடும் பத்தடி அகல ஃபிளெக்ஸில் ஏறி, அவன் வேலை பார்த்த ஏலக்காய்க் கிட்டங்கியின் வாசலிலேயே பாண்டியராஜ் தொங்கினான். கீழே 'வித்தியாசமே எங்கள் வலிமை' என்று எழுதியிருந்தது.

அவனுடைய அக்கா பொற்கொடி ஆவணி மாதத்து ஒரு காலையில் தூக்குவாளியும் கையுமாக வந்து அதைப் பார்த்து நின்றாள். முப்பத்தாறு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறவள். அந்த வாயை அவள் பார்த்ததே இல்லை.

"யாருடி இது?" என்று பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கிற ஒச்சம்மாளிடம் கேட்டாள்.

"உன் தம்பிதேன் ஆத்தா. பல்பொடி வெளம்பரத்துக்குப் போயிட்டு வந்திருக்கான்."

பாண்டியராஜ் ஃபிளெக்ஸை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். ஒரு மூலையில் கயிறு சரியாகக் கட்டவில்லை, காற்றடித்தால் கிழியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அக்காளும் தம்பியும் மேலச்சொக்கநாதபுரத்திலிருந்து தினமும் ஒரே டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். பொற்கொடியின் புருஷன் கம்பத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்ப் பதினோரு வருஷம். அதற்கு அடுத்த வருஷம் ஆத்தா செத்தாள். வீட்டில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான். தம்பியை ஊரில் 'ஒரு மாதிரி' என்று சொல்வார்கள். என்ன மாதிரி என்று யாரும் விளக்கியதில்லை. அவன் தட்டில் ரசம் சோற்றைத் தொடக்கூடாது. ரசம் தனிக் கிண்ணத்தில் இருக்க வேண்டும். பின்னாலிருந்து தோளில் கை வைத்தால் துள்ளி எழுந்துவிடுவான், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வேலை ஓடாது. 'கொஞ்சம் பொறு' என்றால் எத்தனை நிமிஷம் என்பான். தேனியில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கிட்டங்கியில் கொடுத்தவளும் பொற்கொடிதான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

கிட்டங்கியில் அவன் சேர்ந்து ஒன்பது வருஷம். மலையிலிருந்து மூடை மூடையாக உலர்ந்த காய் இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சல்லடையில் பெருவெட்டு, சிறுவெட்டு பிரிப்பார்கள். வெடித்தது, கறுத்தது, வெளிறியது என்று பொறுக்குவார்கள். எல்லாம் முடிந்து கடைசியாகக் காய் போய்ச் சேருவது வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாண்டியராஜிடம். ஒரு கைப்பிடி அள்ளுவான். முறத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து மெதுவாக விடுவான். தலையைச் சாய்த்துக் கேட்பான். நன்றாகக் காய்ந்தது கலகலவென்று உதிரும். உள்ளே ஈரம் இருந்தால் சத்தம் மங்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "இது சரி" என்பான், இல்லையென்றால் "இது இன்னும் ஆறு மணி நேரம்" என்பான். அந்த மூடை திரும்ப உலர்த்தப் போகும். ஒன்பது வருஷத்தில் அவன் சரி என்று அனுப்பிய மூடை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அவனை வைத்து வேலை வாங்கப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஊதுமெஷின் போடுவதற்கு முன்னால் ஒச்சம்மாள் "மெஷினு" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவன் காதைப் பொத்திக்கொள்வான். அவனிடம் போகும்போது எதிரே வந்து நின்றுதான் பேசுவார்கள். கொஞ்சம் என்ற சொல்லையே விட்டுவிட்டு, ரெண்டு முறம், மூணு முறம் என்பார்கள். சாயங்காலம் கிளம்பும்போது மறுநாள் எந்தத் தோட்டத்துக் காய் வரும் என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போவாள். அதைக் கேட்காமல் அவன் பஸ் ஏற மாட்டான். இதற்கெல்லாம் அவர்கள் ஒரு பேரும் வைக்கவில்லை. பேர் வைக்காமல் விட்டதுதான் தப்பு என்று பொற்கொடிக்குப் பிற்பாடு தோன்றியது. பேரில்லாத பொருளை யார் வேண்டுமானாலும் குப்பை என்று அள்ளிப்போடலாம்.

அள்ளிப்போட்டவன் முதலாளி மகன் ராம்பிரசாத். பெரியவர் படுக்கையில் விழுந்ததும் பெங்களூரிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன். பெரியவரும் தர்மவான் ஒன்றும் இல்லை. ஆனால் காய் எது, கல் எது என்று தெரிந்தவர். இவனுக்கு ஏலக்காயைப் பாயசத்தில் பார்த்த பழக்கம்தான். வெளிநாட்டில் காய் வாங்குகிற ஒரு கம்பெனி, வேலை செய்கிற இடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஆதரவு உண்டா என்று ஒரு பாரம் அனுப்பியது. உண்டு என்று எழுத வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். எழுதிய பிறகு ஆள் தேடினான். பொற்கொடியைக் கூப்பிட்டு, தம்பிக்கு டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். அவளும் நல்லது நடக்கப்போகிறது என்று நம்பி, அரிசி டப்பாவைத் தூக்கி அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் வித்யா என்ற பயிற்சியாளர் சென்னை ரயிலில் வந்து இறங்கினாள். சல்லடையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு மூன்று மணி நேரம் வகுப்பு. நரம்பியல் பன்மைத்தன்மை என்று பலகையில் எழுதினாள். ஒச்சம்மாள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏன் டீச்சர், பஸ் ஸ்டாண்டு செவத்துல நரம்புத் தளர்ச்சின்னு எழுதிப் போன் நம்பரு போட்டிருப்பாகளே, அதுங்களா?" என்று கேட்டாள். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். வித்யா பதறாமல், கேள்விகள் எல்லாம் வரவேற்கப்படுகின்றன என்றாள். பிறகு எல்லோரும் கண்ணை மூடி, மொழி தெரியாத ஊரில் தாங்கள் தனியாக நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். காலை நாலரைக்கு எழுந்து சோறாக்கிவிட்டு வந்த பெண்கள் கண்ணை மூடினார்கள். நாலு பேர் தூங்கிப்போனார்கள். வடையும் டீயும் வந்தபோது எழுந்தார்கள்.

பாண்டியராஜை நடுவில் உட்கார வைத்து, அவனுக்கு ஹெட்செட்டும் அமைதி அறையும் தரப்போவதாக ராம்பிரசாத் அறிவித்தான். அப்போது பொற்கொடி எழுந்து நின்றாள்.

"சார், அவனுக்குச் சோலியே காதுலதேன். காயி விழுற சத்தத்தைக் கேட்டுத்தேன் பாக்குறான். காதை அடைச்சா எப்படி?"

வித்யா கையைத் தட்டினாள். எல்லோரையும் தட்டச் சொன்னாள். மிக அருமையான பகிர்வு என்று சொல்லி, மஞ்சள் காகிதத்தில் 'காது – முக்கியம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். அதற்கு மேல் அந்தக் காகிதத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

அமைதி அறை என்பது முன்பு காலிச் சாக்கு போட்டு வைத்த இடம். எலிப்புழுக்கையைக் கூட்டி நீலச் சுண்ணாம்பு அடித்து இரண்டு டியூப்லைட் போட்டார்கள். ஜன்னல் கிடையாது. டியூப்லைட் வெளிச்சத்தில் வெளிறிய காயும் பச்சைக் காயும் ஒரே நிறம். அந்த அறையில் பாண்டியராஜை உட்கார வைத்து, ஹெட்செட்டை மாட்டி, "வேலை நேரத்துல இதைக் கழட்டவே கூடாது பாண்டி" என்றான் ராம்பிரசாத். வேறு எவனாக இருந்தாலும் முதலாளி தலை மறைந்ததும் கழற்றிக் கழுத்தில் போட்டிருப்பான். பாண்டியராஜிடம் கூடாது என்றால் கூடாதுதான். மதியம் ரசக் கிண்ணத்துக்கு முன்னால் உட்காரும்போதுதான் கழற்றினான்.

பெண்கள் யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது, அவனுக்குத் தொந்தரவு என்று உத்தரவு. மறுநாள் காய் எது என்று சொல்ல ஆள் இல்லை. சாயங்காலம் அவன் அறை வாசலில் நின்றுகொண்டே இருப்பான். பொற்கொடி போய்ச் சொல்லிக் கூட்டி வருவாள். வித்யா வாரம் ஒரு தடவை போன் போட்டு அவனிடம் நேராகப் பேசினாள். எப்படி இருக்கு பாண்டி என்று கேட்பாள். "கேக்கல" என்பான். மூன்று வாரமும் அதே ஒரு சொல்லைத்தான் சொன்னான். அவள் மூன்று வாரமும் அறிக்கையில், வெளிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று பயனாளர் மகிழ்ச்சி தெரிவித்தார் என்று எழுதினாள். அந்த அறிக்கை கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி ஆபீசில் தொங்கியதால் பொற்கொடி அதை வரிவரியாகப் படித்தாள். ஒரு மனுஷன் எனக்குக் காய் கேட்கவில்லை என்று மூன்று வாரமாகக் கத்துவதைச் சட்டம் போட்டு மாட்டத் தெரிந்த படிப்பு என்ன படிப்போ என்று நினைத்தாள். ராம்பிரசாத்திடம் போய் அர்த்தத்தைச் சொன்னாள். மேடம் பார்த்துப்பாங்க என்றான்.

ஐப்பசி பிறந்தது. போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியாமல் மழை. கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து லாரிகள் நின்றன. தோட்டங்களில் ஈர விறகு சரியாக எரியாமல், அரைகுறையாகக் காய்ந்த காயை அவசரத்துக்கு மூடை கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். ஒவ்வொரு வருஷமும் அதை ஜன்னலோரத்தில் ஒரு காது பிடித்துவிடும். இந்த வருஷம் காய் நீல அறைக்குள் போனது. அள்ளிப் போட்டுப் பார்த்தவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று ஆபீசில் இருந்தது. பாண்டிதான் இருக்கிறானே என்று அதற்கு மூன்று மாதமாக யாரும் பேட்டரி வாங்கிப் போடவில்லை.

அவன் சரி என்று சொல்லவில்லை. கேட்கவில்லை என்றுதான் சொன்னான். லோடு ஏற்ற வந்தவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். நாற்பது மூடை வடக்கே போய், பூசணம் பூத்துத் திரும்பி வந்தது. பிரித்தபோது அடித்த நாற்றத்தில் பாண்டியராஜ் வாசல் வரை ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

ராம்பிரசாத் கத்தவில்லை. கத்தியிருந்தால் பொற்கொடியும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் பொற்கொடியை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பாண்டியின் மீது தனக்கு வருத்தமே இல்லை என்றான். இவ்வளவு பொறுப்பை அவன் தலையில் வைத்தது நிர்வாகத்தின் தவறாம். இனி அவனுக்குச் சுமையே கிடையாது. வாசலில் ஃபிளெக்ஸுக்குக் கீழே ஒரு நாற்காலி போடப்படும். வருகிறவர்களுக்கு எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும். சம்பளத்தில் குறைவில்லை. பதவிக்குப் பேர் வரவேற்புத் தூதர்.

"காயி?" என்றாள் பொற்கொடி.

"காய் வேண்டாம்மா. அவரு ரிலாக்ஸா இருக்கட்டும். காய் வாங்குற கம்பெனியோட ஆடிட் டீம் கார்த்திகையில வர்றாங்க. இந்தச் சம்மதப் பாரத்துல காப்பாளர்னு இருக்கு பாருங்க, அங்க நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும்."

காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்றைக்கு மழை விடவில்லை. அடுப்பங்கரையில் ஓடு இரண்டு இடத்தில் ஒழுகியது. குண்டானும் போகணியும் வைத்திருந்தாள். துவரம்பருப்புத் துவையல் அரைத்தபடி மனசுக்குள் ராம்பிரசாத்தையும் வித்யாவையும், அவர்களைப் பெற்றவர்களையும், அந்தப் பாரம் அனுப்பிய வெள்ளைக்காரனையும் திட்டித் தீர்த்தாள். மலைக்கழுதைக்குக்கூடப் பொதி சுமக்கிற சோலி உண்டு, என் தம்பியைக் கடைவாசல் பொம்மையாக்குகிறான் என்று அம்மியோடு பேசினாள். பேசி முடித்துக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டாள். இந்த மழைக்காலம் தாண்டட்டும். வேறு இடத்தில் இவனை யார் வைத்துக்கொள்வார்கள்? ஒன்பது வருஷப் பழக்கத்துக்கே இந்தக் கதி.

பாண்டியராஜ் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "என்ன அது?"

"ஒன்னுமில்ல. உன் நல்லதுக்குத்தேன். சாப்புடு."

மறுநாள் காலையில் அவன் வடக்கு ஜன்னலுக்குப் போகத் திரும்பியபோது வாட்ச்மேன் நாற்காலியைக் காட்டினான். நாலு நாள் உட்கார்ந்தான். வியாபாரிகள், தரகர்கள், தபால்காரர் எல்லோருக்கும் எழுந்து வணக்கம் சொன்னான். நாயும் வந்ததால் நாய்க்கும் சொன்னான். யாருக்குச் சொல்லக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சில தரகர்கள் வணக்கம் வாங்குவதற்காகவே வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தார்கள். சட்டை இஸ்திரி கலையாத ஆட்கள். ஒச்சம்மாள் சல்லடையை வைத்துவிட்டுப் போய், "ஏன் அண்ணே, உங்க வீட்டுல உங்களுக்கு ஒருத்தரும் கும்புடு போடுறதில்லையா? இம்புட்டு ஏங்குறீக" என்று கேட்ட பிறகு அது நின்றது. பாண்டியராஜின் விரல்கள் மட்டும் மடியில் எதையோ அள்ளி அள்ளி விட்டுக்கொண்டே இருந்தன. பொற்கொடி அந்தப் பக்கம் பார்க்காமல் காய் பொறுக்கினாள்.

ஐந்தாம் நாள் அவளுக்கு ரேஷன் கடையில் வேலை. விடியுமுன்னே வரிசையில் நிற்க வேண்டும் என்று அவனை முதல் பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டாள். பத்து மணிக்குக் கிட்டங்கிக்கு வந்தால் நாற்காலி காலி. உள்ளே இல்லை, நீல அறையில் இல்லை, கக்கூஸில் இல்லை. ராம்பிரசாத் வாசலுக்கே ஓடி வந்தான். நாளைக்கு ஆடிட்டும்மா, இன்னிக்குப் பார்த்து எங்க போனாரு, ஃபிளெக்ஸ் வேற மாட்டியிருக்கேன் என்று தலையில் கை வைத்தான். ஆள் ஆற்றில் விழுந்தானா, லாரியில் அடிபட்டானா என்று ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. அப்படியானால் படத்தை உட்கார வையுங்க சார், அது சிரிக்கவும் செய்யுதுல்ல என்று சொல்லிவிட்டுப் பொற்கொடி தெருவில் இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, பெரியாஸ்பத்திரி என்று அலைந்தாள். ஜீப்பு ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவள்தான் சொன்னாள்: உன் தம்பி விடியக்காலைப் பால்பாண்டி ஜீப்புல, போடிமெட்டு தாண்டி மொதத் தோட்டத்துக்குப் போற ஆளுகளோட ஏறிப் போனான். தினமும் விடிந்ததும் ஜீப்புக்காரர்கள், அந்தத் தோட்டத்துக்கு ரெண்டு ஆள், இந்தத் தோட்டத்துக்கு மூணு ஆள் என்று பொதுவாகக் கூவுவார்கள். பாண்டியராஜைப் பார்த்து யாரும் கூவியதில்லை. இவன் போய் நின்றிருக்கிறான்.

பொற்கொடி பூப்பாறை பஸ்ஸில் ஏறினாள். வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெரிந்த ஊரை மேகம் மூடியது. எவனோ ஒரு மேஸ்திரி இவனை ஈரச் சாக்கில் உட்கார வைத்து எல்லோருமாகச் சுற்றி நின்று கேலி பேசுவதாகவே அவள் கண்ணுக்குத் தெரிந்தது. போனதும் என்ன பேச வேண்டும் என்று பாடம் பண்ணி வைத்துக்கொண்டாள். போடிமெட்டு தாண்டி இறங்கி, வழி கேட்டு, அட்டை கடித்த காலோடு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சோறு முடிந்திருந்தது.

காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே விறகு உலை. கம்பிவலைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. பாண்டியராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு தட்டாக இழுத்துக் காயைக் கிளறிக்கொண்டிருந்தான். முதுகு வேர்த்திருந்தது. அவள் எதிரே போய் நின்றாள்.

"யாரைக் கேட்டுடா வந்த?"

"பால்பாண்டி அண்ணனைக் கேட்டேன். இங்க வந்து மேஸ்திரியைக் கேட்டேன். ரெண்டு பேரும் வான்னாக."

மேஸ்திரி உலைக்கு விறகு தள்ளிவிட்டு வந்தான். குமுளிப் பக்கத்து ஆள், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. "சேச்சியோட தம்பியா? ஆளு ஒரு மாதிரிதான் கேட்டோ. வந்து நின்னதும் எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, எந்த மூலை என்னோடது, யாரு என்னையத் தொடுவான்னு நாலு சோத்தியம் கேட்டான். நான் பதிலு சொன்னேன். நீ என்ன செய்வேன்னு நான் கேட்டேன். செஞ்சு காமிச்சான். கொள்ளாம், நல்ல வேலைக்காரன்."

"இவனுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. இவனைப் பாத்துக்க ஆளு வேணும். தனியா இருக்கமாட்டான்."

"ஆளுக தங்குற லயத்துல கடைசி ரூமு எனக்கு" என்றான் பாண்டியராஜ், காயைக் கிளறிக்கொண்டே. "ஆளு கெடையாது. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி ஜீப்புல வீட்டுக்கு வர்றேன். திங்கக்கிழமை ஆறு மணி ஜீப்புல திரும்பப் போறேன். சோறு நானே ஆக்கிக்கிருவேன்."

"நீ எப்படா சோறாக்குன?"

"நீ ஆக்க விட்டதில்ல."

பொற்கொடிக்கு வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சில் பாதி மறந்துபோனது. மிச்சத்தைச் சொன்னாள். மழையில் நனைந்து உனக்கு ஏதாவது ஆனால் நான் யாரிடம் போய் நிற்பது என்றாள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்தே சம்பளம் வந்ததே என்றாள். உனக்காக அந்தக் காகிதத்தில் மானங்கெட்டுக் கையெழுத்துப் போட்டேனே என்றாள்.

அவன் கிளறுவதை நிறுத்தினான். "கையெழுத்து உன்னுது. சோலி என்னுது."

மேஸ்திரி செக்ரோல் நோட்டைக் கொண்டுவந்தான். புதிதாகச் சேர்ந்த ஆளின் பேரும் கையெழுத்தும் அன்றைக்கே ஆக வேண்டும் என்றான். நோட்டைத் திறந்து, பேனாவை நடுவில் நீட்டினான். பொற்கொடியின் கை தானாகப் போய் அதை வாங்கியது. இத்தனை வருஷமாக ரேஷன் கடையில், பாங்கில், ஆஸ்பத்திரியில், கிட்டங்கியில் வாங்கிய கை.

பாண்டியராஜ் வேர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை அவள் முன்னால் விரித்தான். உலையில் விறகு வெடித்தது. மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பொற்கொடி பேனாவை அந்தக் கையில் வைத்தாள். அவன் குனிந்து, கோட்டை விட்டு வெளியே போகாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பேரையும் எழுதினான். எழுதி முடிக்க நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நீ கெளம்பு அக்கா" என்றான். "ஜீப்பு நாலு மணிக்கு. எனக்கு இன்னும் பதினொரு தட்டு இருக்கு."

கீழே இறங்குகிற ஜீப்பில் ஆட்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். பால்பாண்டி வண்டியை எடுக்காமல் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தான். அவளிடம் திரும்பினான்.

"என்னக்கா, தம்பியக் கூட்டிட்டுப் போகத்தான வந்தீக? எங்க ஆளு?"

"கூட்டிட்டுப் போறதுக்கு அவன் என்ன ஆடா, மாடா?" என்றாள் பொற்கொடி. "வண்டிய எடு."